ஆறிய பாலுக்கு உறை

"பஸ்ஸுக்கு நேரம் கேட்டுக்கிட்டே இருக்கிறவன் இருக்கானே, அவன்..." என்று ஆரம்பிப்பார் சௌந்தரபாண்டியனின் பெரியப்பா. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பேசுகிறவர் ஆதலால் மீதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். அவன் ஊர் போய்ச் சேரமாட்டான் என்றாரா, அவனுக்குப் போக ஊரே இல்லை என்றாரா? அறுபத்துமூன்று வயதில் எவ்வளவு யோசித்தும் சௌந்தரபாண்டியனுக்கு அது பிடிபடவில்லை.

சிறுமலை அடிவாரத்தில் குணவதி அம்மாளின் குடிலுக்கு அவர் வந்து மூன்று மாதமாகிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மாளுக்கு வயது நாற்பத்துநான்குதான். முன்பு நர்ஸாக இருந்தவர். தன் கடைசித் தங்கையைவிடச் சின்னவரைக் குருவென்று கும்பிட இவருக்குக் கூச்சமில்லை. அந்த அம்மாளுக்குத்தான் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. 'சார்' என்பார்.

தை மாதக் காலை. அடுக்களையில் அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சௌந்தரபாண்டியன் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு காரியத்தைச் செய்யணும்னு தெரியுது. செய்யாம இருக்கிறது வலிக்குது. அப்படியும் ஏன் தள்ளித் தள்ளிப் போடுறோம்?"

"இப்பத்தான் பால் காய்ச்சி இறக்கினேன். வெதுவெதுன்னு ஆனதும் உறைமோர் ஊத்திடுங்க சார். சொல்றேன்" என்று அம்மாள் கீரைத் தண்டுகளை அள்ளிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

சௌந்தரபாண்டியன் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். ஆவி பறந்தது. இந்தச் சூட்டில் ஊற்றினால் திரிந்துவிடும். மடியில் இருந்த நோட்டைப் பிரித்துப் படித்தார். மறுபடி பார்த்தார். ஆவி குறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று வாசலைப் பெருக்கினார். திரும்பி வந்தபோது ஆவியே இல்லை. ஆனாலும் அடியில் சூடு இருக்குமோ என்று சந்தேகம். கிணற்றடியில் இரண்டு குடம் இறைத்து வைத்தார்.

அம்மாள் வந்து பார்த்தபோது பால்மேல் ஏடு தடித்துக் கிடந்தது. உறைமோர்க் கிண்ணம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

"என்ன சார்?"

"சூடு சரியா வரட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேம்மா. அதுக்குள்ள ஆறிப்போச்சு."

"தொட்டுப் பார்த்தீங்களா?"

"இல்லை. ஆவியைப் பார்த்தேன்."

அம்மாள் சிரித்துவிட்டார். "ஹெட்மாஸ்டர்னா தூரத்துல நின்னு பார்த்தே பழக்கம் போல" என்றவர், அவர் கையில் இருந்த நோட்டைக் காட்டி, "அதுல என்ன?" என்றார்.

சௌந்தரபாண்டியன் நோட்டை மடியில் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார்.

மாசிலாமணி அவருடைய சிநேகிதர். ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம். மதியம் மாசிலாமணியின் மனைவி தமயந்தி கொடுத்துவிடும் டிபன் கேரியரில் ஒரு அடுக்கு எப்போதும் இவருக்கு. அந்தத் தமயந்தி இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை இறந்துபோனார். அப்போது இவர் கோயம்புத்தூரில் இருந்தார். வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"மறுநாள் வெள்ளி. வெள்ளிக்கிழமை துக்கம் கேக்கப் போகக் கூடாதும்பாங்க. சனியும் ஆகாது. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு விருந்தாளி. திங்கள் அமாவாசை. அடுத்த நாள் செவ்வாய்."

"ம்."

"புதன்கிழமை போயிருக்கலாம். ஆறு நாள் கழிச்சு வர்றியேன்னு கேட்டா என்ன சொல்றது? நல்லா யோசிச்சுக்கிட்டுப் போவோம்னு இருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் யாரும் துக்கம் கேக்கப் போறதில்லையே."

"எந்த ஊர்?"

"வாடிப்பட்டி."

"இங்க இருந்து ஒரு மணி நேரம்."

"ஆமாம்மா." அவர் தலை குனிந்தது. "கடுதாசியாவது போடுவோம்னு ஏழு தடவை எழுதிட்டேன். ஒண்ணும் சரியா வரலை. நேத்து எங்க பழைய டிராயிங் மாஸ்டர் போன் பண்ணார். நாளைக்குக் காலைல மாசிலாமணி மகளோட நாக்பூர் போறாராம். வீட்டைக் காலி பண்ணியாச்சாம். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டார்."

"கடுதாசியை ஒரு வரி படிங்க."

நோட்டைப் பிரித்தார். "மதிப்பிற்குரிய மாசிலாமணி அவர்களுக்கு."

"நேர்ல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"டேய் மாசி, அப்படித்தான்."

"அப்ப இது யாருக்கு எழுதினது?"

அவர் நோட்டை மூடினார்.

அம்மாள் அடுப்பைப் பற்றவைத்துப் பாத்திரத்தை மேலே தூக்கி வைத்தார். தீயைக் குறைத்தார்.

"கையைக் கழுவிட்டு வாங்க சார். விரலை விடுங்க."

"பால்லயா?"

"பின்னே, அடுப்புலயா?"

விரலை விட்டார். "சில்லுன்னு இருக்கு."

"எடுக்காதீங்க."

விரல் பாலில் இருக்க, அவர் நின்றார். கொல்லையில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர் விட்டது. "இப்ப... இப்ப வெதுவெதுன்னு இருக்கும்மா."

"இறக்குங்க. ஊத்துங்க."

ஊற்றிக் கலக்கினார். அம்மாள் பாத்திரத்தைப் பழைய துண்டால் சுற்றி அடுப்போரம் வைத்தார்.

"மத்தியானப் பந்திக்குள்ள உறைஞ்சிடுமா?"

"உறையாது. சாயங்காலம் ஆகும்."

"பன்னிரண்டு பேர் மோர் கேப்பாங்களே. பந்தி பரிமாறுற வேலாயுதம் திட்டுவார்."

"திட்டட்டும். வாங்கிக்குங்க. மனுஷன் எதிர்ல நின்னாத்தானே திட்டவும் முடியும்?"

சௌந்தரபாண்டியன் துண்டு சுற்றிய பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கும் செவ்வாய்க்கிழமைம்மா" என்றார் மெதுவாக.

"ஆமா." அம்மாள் கீரையைத் தண்ணீரில் அலசினார். "மாசிலாமணி சார் இந்த ரெண்டு வருஷத்துல எந்தெந்தக் கிழமை அழாம இருந்தாராம்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷம்மா" என்றார் கடைசியில். "நான் அந்தச் சிநேகத்தைக் கெடுத்துட்டேன்."

அம்மாள் கையை உதறிவிட்டு வந்து, பாத்திரத்தின் மேல் துண்டை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஆறித்தான் போச்சு சார். கெட்டுப்போகலை."

சௌந்தரபாண்டியன் எழுந்தார். நோட்டை அடுக்களை அலமாரியில் வைத்தார். வாடிப்பட்டிக்கு அன்றே போவதென்று முடிவு செய்து, பஸ் எத்தனை மணிக்கு என்று யாரையும் கேட்காமல் ரோட்டுக்கு நடந்தார்.