மதியச் சாப்பாட்டுக் காணிக்கை

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. விழுந்து வணங்கும்போதெல்லாம் முட்டி வலித்தது சீடருக்குத்தான்.

குருவின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வயது குறைவு என்பதால் ஊர் அவரைச் சின்னச்சாமி என்றது. ஈரோட்டுக்கு வெளியே, காவிரிக் கரையில், ஒரு தென்னந்தோப்புக்குள் கீற்றுக் கொட்டகை போட்டு இருந்தார். மற்ற குருமார்கள் ‘மகனே’ என்பார்கள். இவர் தன்னைவிட மூத்த சீடர்களை ‘அண்ணா’, ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் கொண்டுவரும் சாப்பாட்டை ஒரு தரம் இலையில் வாங்கிக்கொள்வார். மறுபடி யாராவது கரண்டியோடு வந்தால் இலையின் மேல் கையை விரித்துவிடுவார். எத்தனை கெஞ்சினாலும் அந்தக் கை நகராது.

சீடர் நாச்சிமுத்து. மஞ்சள் மண்டியில் மூட்டைகளுக்கு எடை போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தோப்புக்கு வந்துவிடுவார். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. சாமி தன் வலது காதில் உபதேசம் சொல்ல வேண்டும்.

உபதேசம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு வரி. காதில் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது வழக்கம். (நாச்சிமுத்து சொல்லிவிட்டார். அவருக்கு எதுவுமே வாயில் நிற்காது. இந்தக் கதை நமக்குக் கிடைத்ததே அப்படித்தான்.) அதற்கு முன் சீடர் ஒரு காணிக்கை வைக்க வேண்டும். அது அவருடைய சொந்த உழைப்பில் வந்ததாக இருக்க வேண்டும். தேங்காயோ பூசணியோ எதுவானாலும் சரி, அதைத் தொடுவதற்கு முன் ‘இது ஆருதுங்க?’ என்று சாமி கேட்காமல் இருக்கமாட்டார்.

நாச்சிமுத்து தேங்காயோடு நிறுத்திக்கொள்கிற ஆள் இல்லை. மழைக்கு ஒழுகும் அந்தக் கொட்டகைக்குத் தகரக் கூரை போட்டுத் தர வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்காகப் போன ஆடியில் மண்டிக்கு எதிரே இருந்த வேலாயுதம் மெஸ்ஸில் மதியம் சாப்பிடுவதை நிறுத்தினார். இந்த ஆடியில் மஞ்சள் பை நிறையப் பணத்தோடு சாமி முன்னால் வந்து நின்றார்.

“எப்படிண்ணா சேர்த்தீங்க?” என்று கேட்டார் சாமி.

“வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்தேனுங்க சாமி.”

சாமி அவருடைய வயிற்றைப் பார்த்தார். சட்டையின் நடுப் பொத்தான் இரண்டும் எட்டாமல் திறந்து கிடந்தன. போன வருஷம் அதே சட்டை தொளதொளவென்று இருந்தது.

“கட்டின மாதிரி தெரியலீங்களே.”

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்து பையை எடுத்து வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

“மெஸ்ஸை விட்டுட்டேனுங்க. தினமும் வீட்டுச் சாப்பாடுதான். கத்திரிக்காய் கடைஞ்சு வரும். கொள்ளுப் பருப்பு வரும், அதுக்குத் தொட்டுக்கத் தனியா ஒரு துவையல் வரும். வெள்ளிக்கிழமையானா அரிசிம்பருப்புச் சாதம், மேல நெய் விட்டு. நான் கேரியரைத் தொறந்தா மண்டியே எட்டிப் பார்க்குமுங்க.” சொல்லும்போதே அவருக்கு எச்சில் ஊறியது.

“வாயையும் கட்டல போலிருக்குது” என்றார் சாமி. “சரி, இந்தக் காசு ஆருதுங்கண்ணா?”

அந்தக் கேள்விக்கு நாச்சிமுத்து வருஷம் முழுக்கத் தயாராக இருந்தார். “என்னுதுங்க” என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

சாமி பையைத் தொடவில்லை. “இதுக்கு உடையவங்க ஒருத்தர் இருக்காங்க. அவங்களைக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டு வாங்க. உபதேசத்தை அப்புறம் பார்க்கலாம்.”

நாச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருஷத்து ஆசை. மொபெட்டை உருட்டிக்கொண்டே தோப்பைத் தாண்டி நடந்தார். யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒன்றுதான் தோன்றியது. இந்தப் பணம் சாப்பாட்டுக்குப் போயிருக்க வேண்டியது. சாப்பாட்டுக்குப் போயிருந்தால் வேலாயுதத்தின் கல்லாவில்தான் விழுந்திருக்கும். ஆகவே உடையவர் வேலாயுதம்.

மறுநாள் மெஸ்ஸில் கூட்டம் குறைந்த பிறகு கல்லாப்பெட்டியின் மேல் பையை வைத்தார். விஷயத்தைச் சொன்னார்.

வேலாயுதம் சிரித்த சிரிப்பில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏனுங்க, நான் உங்களுக்குச் சோறு போட்டனுங்களா?”

“இல்லீங்க.”

“போடாத சோத்துக்குக் காசு வாங்குனா என் கடை பேரு கெட்டுப்போயிருமுங்க. சோத்துக் காசுங்கறது அடுப்புல நின்னவங்களுக்கு. எங்க மாஸ்டருக்குச் சம்பளத்தை ஒரு நாள் தள்ளிக் குடுங்க பார்க்கலாம், கரண்டியைத் தூக்கிப் போட்டுட்டு ஊருக்கு பஸ் ஏறிருவாரு.” பையைத் திருப்பித் தள்ளினார். “இந்த ஒரு வருஷமா உங்களுக்கு அடுப்புல நின்னது ஆருங்க?”

நாச்சிமுத்து பையை எடுக்காமலே படி இறங்கினார். வேலாயுதம்தான் பின்னால் ஓடிவந்து கையில் கொடுத்தார்.

வீட்டில் நாச்சிமுத்துவின் மனைவி தெய்வானை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நாளைக்கான வெங்காயம். நாச்சிமுத்து பையை அவர் மடியில் வைத்தார்.

“இது உன்னுது.”

தெய்வானை பைக்குள் பார்த்தார். அப்புறம் கணவரின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

“சாமி காசுங்க இது. தொட்டா ஆகாது.”

“சாமிதான் குடுக்கச் சொன்னாரு. உடையவங்ககிட்டக் குடுத்துட்டு வாங்கன்னு.”

“நானா?”

“நீதான். கோழி கூப்பிடறதுக்கு முன்னால எந்திரிச்சது ஆரு? நான் எந்திரிக்கறப்பக் கேரியர் ஆறிப்போய் வாசல்ல நிக்கும். அது தானா நிரம்புதுன்னே நெனைச்சிட்டேன். என்ன வேணுமோ சொல்லு. வாங்கித் தர்றேன்.”

தெய்வானை வெங்காயத் தோலைக் கையால் தள்ளித் தள்ளி ஒரு ஓரமாகச் சேர்த்தார்.

“சிரிக்கக் கூடாதுங்க.”

“சிரிக்கல.”

“வேலாயுதம் மெஸ்ல உக்காந்து சாப்பிடோணும்.”

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. ஆனால் விழித்தார். தெய்வானையின் சமையலுக்கு முன்னால் மெஸ் சாப்பாடு எம்மாத்திரம்?

“அங்க சாப்பிட்ட காலத்துல தினமும் வந்து சொல்லுவீங்களே. பக்கத்துல நின்னு இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்னு கேட்டுக் கேட்டுப் போட்டாங்கன்னு. எனக்கு அது ஒண்ணுதாங்க ஆசை. என்னைய ஆரும் அப்படிக் கேட்டதில்லீங்க.”

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு அழைத்துப் போனார். தெய்வானை கல்யாணத்துக்குப் போவது போலப் பட்டுச்சேலை கட்டி வந்தார். வேலாயுதம் தன் கையாலேயே தலைவாழை இலை போட்டார். சாதம் வந்தது, பொரியல் வந்தது. தெய்வானை பொரியலை வாயில் வைத்தார். “தேங்காய் பத்தலை” என்று கணவர் காதில் மட்டும் சொன்னார். சொன்னதில் அவருக்கு மகா திருப்தி.

பரிமாறுபவர் ரச வாளியோடு வந்து குனிந்தார்.

“இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?”

தெய்வானை திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

“உங்களைத்தானுங்க அக்கா.”

“போடுங்க” என்றார் தெய்வானை. அப்புறம் பொரியலுக்குக் கேட்டார்கள், போடுங்க என்றார். மோருக்குக் கேட்டார்கள், போடுங்க என்றார். தேங்காய் பத்தாத அந்தப் பொரியலையே மூன்று தரம் வாங்கினார். ஒவ்வொரு தரமும் சிரித்தார். கடைசியில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். ரசத்தில் மிளகு தூக்கல் என்றார்.

மெஸ் வாசலில் நாச்சிமுத்து மஞ்சள் பைக்குக் கை நீட்டினார். தெய்வானை அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“மீதியும் என்னுதுதானுங்களே?”

“உன்னுதுதான்.”

“அப்ப ஒண்ணு சொல்றனுங்க. இனி வெள்ளிக்கிழமை நான் அடுப்பு பத்த வெக்க மாட்டேன். பக்கத்து வீட்டு சரசக்காளும் நானும் மெஸ்ஸுக்குப் போறோம்.”

“வெள்ளிக்கிழமை என் கேரியர்?”

தெய்வானை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நாச்சிமுத்து கோழிக்கு முன்னால் எழுந்தார். அரிசிம்பருப்புச் சாதத்தைவிட லேசான சமையல் கிடையாது என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வது பொய் என்று அவருக்கு அன்று தெரிந்தது. தெய்வானை காப்பி டம்ளரோடு வாசற்படியில் உட்கார்ந்து, திரும்பியே பார்க்காமல், மூக்கால் மட்டும் நிலவரம் தெரிந்துகொண்டிருந்தார்.

“உப்பு எவ்வளவு போடோணும்?”

“ஒரு கை.”

போட்டார். அவர் கை மூட்டை தூக்கிய கை. சாதம் அடியும் பிடித்தது.

மதியம் மண்டியில் அந்தக் கேரியரைத் திறக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. எட்டிப் பார்க்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். மொபெட்டை எடுத்துக்கொண்டு நேரே தோப்புக்கு வந்துவிட்டார். எப்படியும் சாமியிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

கொட்டகையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நாச்சிமுத்து முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்து வணங்கினார்.

“உடையவங்ககிட்டக் குடுத்துட்டேனுங்க சாமி.”

“வாங்கிட்டாங்களா?”

“முழுசா வாங்கிட்டாங்க. தகரக் கூரை போச்சுங்க. காணிக்கைக்கு என்கிட்ட இப்ப ஒண்ணுமே இல்லீங்க. உபதேசத்துக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகுமோ, ரெண்டு வருஷம் ஆகுமோ.” வருத்தமாகச் சொல்ல நினைத்துத்தான் ஆரம்பித்தார். பட்டுச்சேலையில் திரும்பிச் சுவரைப் பார்த்த முகம் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டார்.

சாமியும் சிரித்தார். “கேரியர்ல என்னங்கண்ணா?”

“அரிசிம்பருப்புங்க. நல்லா இல்லீங்க சாமி. உப்புக் கரிக்கும். அடி வேற பிடிச்சுப்போச்சு.”

“ஆருதுங்க?”

“என்னுதுங்க” என்றார் நாச்சிமுத்து. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

சாமி எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். தானே ஒரு இலையை அறுத்து விரித்து உட்கார்ந்தார். நாச்சிமுத்து ஒரு கரண்டி வைத்தார்.

முதல் வாய் உள்ளே போனதும் சாமியின் புருவம் கொஞ்சம் ஏறியது. ஆனாலும் நிறுத்தவில்லை. கருகின பருக்கையைக்கூட ஒதுக்கவில்லை. இலையை வழித்துச் சாப்பிட்டார். ஒரு தரத்துக்கு மேல் சாமி வாங்கமாட்டார் என்பதால் நாச்சிமுத்து கரண்டியைக் கேரியருக்குள் போட்டு மூடப் போனார்.

சாமி அவரை இடது கையால் அருகே அழைத்தார்.

நாச்சிமுத்து முட்டி வலி மறந்துபோய் மண்டியிட்டார். கண்ணை மூடி, வலது காதை நீட்டினார். சாமி குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

“இன்னுங் கொஞ்சம் போடுங்கண்ணா.”