நரிக்கு வந்த சாமி

ஒரு காட்டில், குழந்தைகளே, கோடை வந்தால் ஒரே ஒரு சுனைதான் வற்றாமல் இருக்கும். அதற்கு மிருகங்கள் எல்லாம் கூடிப் பேசி ஒரு சட்டம் வைத்திருந்தன. வந்த வரிசையில் குடிக்க வேண்டும். அங்கே யாரும் யாரையும் அடிக்கக் கூடாது. கரையில் இருந்த வேப்பமரத்துச் சாமியை அவரவர் இஷ்டப்படி கும்பிட்டுக்கொள்ளலாம். யானை தும்பிக்கையைத் தூக்கும். மயில் ஆடும். ஆமை சும்மா கண்ணை மூடிக்கொள்ளும்.

நரிக்கு மட்டும் வரிசையில் நிற்பதென்றால் வேப்பங்காய். ஒருநாள் காதில் வேப்பிலையைச் செருகிக்கொண்டு, "ஹூய்!" என்று ஆட ஆரம்பித்தது.

"வந்திருப்பது யார் சாமி?" என்று கரடி பயந்து கேட்டது.

"வேப்பமரத்தான்டா! இனி நரி குடித்த பிறகுதான் மற்றவர்கள்! நரியைப் போல ஊளையிட்டுக் கும்பிடாதவருக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது!"

சாமி வந்தவரை எதிர்த்துப் பேசும் வழக்கம் அந்தக் காட்டில் இல்லை. யானை ஊளையிட்டது. மயிலும் ஊளையிட்டது. அட ராமா, அதைக் கேட்கச் சகிக்கவில்லை!

பாவம், முயல் அளவே இருக்கும் சருகுமானுக்கு எவ்வளவு முக்கியும் ஊளை வரவில்லை. அதன் குட்டியோ நாக்கு வறண்டு காலடியில் சுருண்டு கிடந்தது.

"நரியண்ணே, பச்சைப் பிள்ளை. ஒரு வாய் குடிக்கட்டும்" என்று சருகுமான் கெஞ்சியது.

"சாமி உத்தரவு, தங்கச்சி. என் கையில் என்ன இருக்கிறது?" என்றது நரி.

சருகுமான் நிமிர்ந்தது. குட்டியைப் பார்த்தது. மரத்தைப் பார்த்து, "சாமி, பொறுத்துக்கொள்" என்று மனசுக்குள் கும்பிட்டது. பிறகு ஒரு கொத்து வேப்பிலையைக் காதில் செருகிக்கொண்டு, "ஹூய்!" என்று குதித்தது.

"ஐயையோ, இப்போது வந்திருப்பது யார் சாமி?" என்றது கரடி.

"அதே வேப்பமரத்தான்டா! எனக்கு நரியின் வால் காணிக்கையாக வேண்டும்! அடியோடு வேண்டும்! இப்போதே வேண்டும்!"

கரடி பக்தியோடு நரியின் வாலைப் பிடித்தது.

"விடு, விடு! யாரோ ஆடிச் சொன்னால் அது சட்டமாகிவிடுமா? எல்லாரும் கூடிப் பேச வேண்டாமா?" என்று நரி அலறியது.

சருகுமான் சட்டென்று ஆட்டத்தை நிறுத்தியது. "அதைத்தானே அண்ணே நானும் கேட்கிறேன்?"

யானை விழுந்து விழுந்து சிரித்தது. அங்கேயே எல்லாம் கூடிப் பேசின. பழைய சட்டமே நிலைத்தது. மயில் பழையபடி ஆடிக் கும்பிட்டது. நரி வாலைச் சுருட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றது. அதன் கண்ணெதிரே குட்டி வயிறு முட்டக் குடித்தது.

நீதி: சாமி அவரவர் நெஞ்சில் இருக்கட்டும், சட்டம் எல்லாரும் கூடிப் பேசியதாக இருக்கட்டும்.