கரடிக்கு ஒரு குடுக்கை

இலுப்பை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், பூ உதிரும் காலத்தில், நரி ஒன்று பசியோடு அலைந்துகொண்டிருந்தது. நின்றால் கால் பரபரத்தது. படுத்தால் வயிறு எரிந்தது.

கரடியின் குகையை ஒட்டிய புதரில் மயில் முட்டையிட்டிருந்தது. இன்றோ நாளையோ பொரித்துவிடும். பொரித்தால் மயில் குஞ்சுகளோடு முள்காட்டுக்குள் போய்விடும். ஆனால் புதருக்குப் போகும் ஒரே வழியில் கரடி காவல் இருந்தது.

ஒரு பாறைக்குழியில் இலுப்பைப்பூக்கள் விழுந்து, ஊறி, புளித்து நுரைத்திருந்தன. குடித்தவரை மயக்கும் நீர் அது. நரி அந்தப் பக்கம் வந்த சுண்டெலியைப் பிடித்தது.

"மாமா, விட்டுவிடுங்கள்!"

"விடுகிறேன். இதில் ஒரு வாய் குடி."

குடித்த எலி தள்ளாடிச் சுருண்டது. நரி அதை மல்லாக்கப் புரட்டியது. எலி திரும்பிப் படுக்கவில்லை. நரி அதன் மீசையை இழுத்தது. அப்போதும் அசைவில்லை.

எலி கண் விழித்ததும் நரி சொன்னது: "உனக்கு ஒரு வாய். கரடிக்கு ஒரு குடுக்கை. கணக்குச் சரி!"

எலியால் வாயை அடக்க முடியவில்லை. "நான் நேற்றிலிருந்து பட்டினி, மாமா. இதை முதல்முறையாகக் குடித்ததும் இன்றுதான். கரடி அப்படியா? வயிறு நிறைந்தவர் யாருக்காவது கொடுத்துப் பாருங்கள்."

"அதுவரை முட்டை காத்திருக்குமா? போடா பொடியா!"

நரி ஒரு சுரைக்குடுக்கையில் அந்த நீரை நிரப்பிக்கொண்டு ஓடியது. கரடி அப்போதுதான் ஒரு கறையான் புற்றையே காலி செய்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது.

"அண்ணா, உங்களுக்காகவே கொண்டுவந்தேன்."

"நல்லது தம்பி. ஆனால் கொண்டுவந்தவர் குடிக்காமல் நான் தொடுவதில்லை. முதலில் நீ குடி."

நரி தயங்கியது. அதற்குள் புதரில் முட்டை ஓடு உடையும் சத்தம் கேட்டது. 'நான் என்ன எலியா?' என்று நினைத்து மடமடவென்று குடித்தது. மிச்சத்தைக் கரடி ஒரே மூச்சில் முடித்தது.

நரி காத்திருந்தது. கரடி ஏப்பம் விட்டது.

"இன்னும் கொஞ்சம் புளிக்க விட்டிருக்கலாம், தம்பி. பூ உதிரத் தொடங்கினால் எனக்குத் தினமும் இதுதானே!"

"உங்களுக்கு... தூக்கம்... வரவில்லையா?"

"எனக்கா?"

பதில் கேட்க நரி விழித்திருக்கவில்லை.

கண் திறந்தபோது முகத்தில் வெயில் அடித்தது. நான்கு கால்களும் வானத்தைப் பார்த்திருந்தன. சற்றுத் தள்ளி ஒரு கல்லின் மேல் சுண்டெலி உட்கார்ந்திருந்தது.

"எங்கே மாமா, திரும்பிப் படுங்கள் பார்ப்போம்!"

நரி முயன்றது. கால்கள் காற்றில்தான் ஆடின.

அதன் பக்கமாகவே மயில் தன் குஞ்சுகளை அழைத்துக்கொண்டு முள்காட்டுக்குள் போனது. கடைசிக் குஞ்சு நரியின் வாலை மிதித்துவிட்டு ஓடியது.

நீதி: ஒருவருக்கு நேர்ந்ததை வைத்து மற்றவரை அளக்காதே, அளக்கும்போது உன்னை மறந்துவிடாதே.