மணலைக் கட்டிப் பிடித்த கூறை

முன்னொரு காலத்தில், சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு கடற்கரைக்கு நிவாரண லொறி வந்தது. கோதுமை மா, பருப்பு, குளிக்கிற சவர்க்காரம், தறப்பாள் எல்லாம் வந்தன. உடுப்புப் பொதிக்குள் ஒரு கலியாணக் கூறைச்சேலையும் வந்தது. குங்குமச் சிவப்புப் பட்டு, அகலச் சரிகை. யாரோ நல்ல மனசோடுதான் போட்டிருக்கிறார். யோசிக்காமல் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பொதி கேதீஸ்வரிக்குக் கிடைத்தது. அவளுக்கு ஒரு மகள், ஒரு மகன். புருஷன் எங்கே என்று தெரியாது. சேலையை விரித்துப் பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. மடித்து மாச்சாக்கின் மேல் வைத்தாள்.

மாச்சாக்கு சும்மா இருக்குமா?

“ஓய் பொம்பிளை, மாப்பிள்ளை எங்க?”

“பந்தி எத்தின மணிக்கு?” என்றது சவர்க்காரம்.

“நான் கேட்டா வந்தனான்? அள்ளிப் போட்டினம், வந்தன்,” என்றது சேலை.

“உன்னைத் தின்னவும் ஏலாது, மழைக்குப் பிடிக்கவும் ஏலாது. நீ வந்த இடத்தில இன்னும் கொஞ்சம் பருப்பு வந்திருக்கும்,” என்றது மாச்சாக்கு.

உண்மைதான். அதனால்தான் சேலைக்கு இன்னும் அதிகமாகச் சுட்டது.

கேதீஸ்வரி பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பளவு ஆழம் போனதும் சுவர் சரிந்தது. திரும்ப வெட்டினாள். திரும்பச் சரிந்தது. ஷெல் விழும் சத்தம் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது.

சேலைக்குப் பொறுக்கவில்லை. “ஏய் மணல், உனக்கு ஈவிரக்கம் இல்லையா? பிள்ளையள் எங்க ஒளிக்கிறது?”

“என்னை ஏன் ஏசுறாய்?” என்றது மணல். “பிடிக்க ஆளில்லாட்டி நான் விழுவன். பையில போட்டுக் கட்டினா மலை மாதிரி நிப்பன். பை இருக்கோ?”

இல்லை. தறப்பாள் கூரையாகப் போயிருந்தது. மாச்சாக்கு ஒன்றே ஒன்று, அதுவும் வயிறு முட்ட மா.

சேலை தன்னைத்தானே ஒருமுறை பார்த்துக்கொண்டது. இதுவரை எல்லோரும் அதன் அழகைத்தான் பார்த்தார்கள். நீளத்தை யாரும் பார்க்கவில்லை.

“என்னில பை தைக்கலாமோ?”

மணல் எச்சரித்தது. “வெட்டுவினம் பிள்ளை. நோகும்.”

“நொந்தா நோகட்டும்!”

காற்று அடித்தது. சேலை மாச்சாக்கிலிருந்து குதித்து, கேதீஸ்வரியின் காலடியில் நீளத்துக்கு விரிந்து கிடந்தது.

அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சரிகையைத் தடவினாள். “கத்தரிக்கோலைக் கொண்டு வா.”

மகள் நிரோசா பதறினாள். “அம்மா, கலியாணச் சீலையெல்லோ! வெட்டாதேங்கோ!”

“கலியாணம் கட்ட நீ உயிரோட இருக்க வேணுமெல்லோடி. கொண்டு வா!”

கத்தரிக்கோல் ஏறியபோது சேலை கத்தவில்லை. தாயும் மகளும் தைத்தார்கள், மகன் மணலை அள்ளி நிரப்பினான். சிவப்புப் பைகள் சுவராக ஏறின. மணவறை மாதிரி மினுங்கியது அந்தக் குழி. மூவரும் உள்ளே இறங்கவும் ஷெல் வரவும் சரியாக இருந்தது.

“விலகு! நான் இரும்பு. எங்கட ஆக்கள் பள்ளிக்கூடத்தையே உடைச்சவை. நீ ஆர், துணியோ?”

“துணிதான். வந்து பார்!”

வெடித்தது. ஓர் இரும்புத் துண்டு சீறிக்கொண்டு வந்து பட்டைக் கிழித்து உள்ளே புகுந்தது. மணலுக்குள் திணறியது.

“விடு! உள்ளுக்கு ஆக்கள் இருக்கினம்!”

“ஓம், இருக்கினம். அதுதான் விடேல்லை,” என்றது சேலை. மணலும் அதுவும் சேர்ந்து அமுக்கிய அமுக்கில் அந்தத் துண்டு அங்கேயே கிடந்து ஆறிப்போனது.

புகை விலகியது. பக்கத்துக் கொட்டில் பத்மலோஜினி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள்.

“கேதீஸ்! எல்லாரும் இருக்கிறியளோ?”

“இருக்கிறம் அக்கா!” தாய், மகள், மகன், மூன்று குரலும் கேட்டன.

பத்மலோஜினி அந்தச் சிவப்புச் சுவரைப் பார்த்தாள். திரும்பிப் போய், தன் டிரங்குப் பெட்டியின் அடியில் கைவிட்டாள். ஊர் ஊராக ஓடியபோதும் கைவிடாத தன் கூறையை வெளியே எடுத்து, “கத்தரிக்கோல் ஆரிட்ட?” என்று கத்தினாள்.

அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. பொழுது சாய்வதற்குள் அந்தக் கரை முழுக்கப் பட்டுச் சுவர்கள் எழும்பிவிட்டன. ஒவ்வொன்றுக்குள்ளும் பிள்ளைகளின் சத்தம்.

வானத்தில் அடுத்த ஷெல் வந்தது. கீழே பார்த்துச் சிரித்தது.

“ப்பூ, சீலை!”

பாவம், அதற்கு விஷயம் தெரியாது.