ஓணான் தலைவர் கொடுத்த நாற்காலிகள்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் அரசாண்டது என்றுதான் கதைகள் தொடங்கும். இந்தக் காட்டில் சிங்கமே கிடையாது, குழந்தைகளே. ஆனால் ஒரு சடுகுடுக் கழகம் இருந்தது. அதற்கு ஒரு தலைவரும் உண்டு. அந்தத் தலைவர் ஓர் ஓணான்.

ஓணான் ஒரு நாளும் சடுகுடு ஆடியதில்லை. அதற்கு மூச்சுப் பிடிக்க வராது. கோட்டைத் தாண்டவும் பயம். பிறகு எப்படித் தலைவரானது என்று கேட்கிறீர்களா? யார் எதைச் சொன்னாலும் அது தலையாட்டும். நாம் பேசும்போது எதிரில் ஒருவர் தலையாட்டினால் நமக்குப் பிடிக்கத்தானே செய்யும்? அதனால் எல்லா விலங்குகளும் கைதூக்கி அதையே தேர்ந்தெடுத்துவிட்டன.

காட்டின் ஓரமாக ஓர் ஆறு ஓடியது. ஆற்றின் நடுவே ஓர் அருமையான மணல் திட்டு. அங்கே விழுந்தால் வலிக்காது, புரண்டால் சிராய்க்காது. அக்கரைக் காட்டில் இருந்த செந்நாய்களுக்கும் அந்தத் திட்டின்மேல் ஒரு கண். ஆகவே இரண்டு காடுகளும் எப்போதோ ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. ஆண்டுக்கு ஒரு சடுகுடுப் போட்டி நடக்கும். வென்ற காட்டுக்கு அடுத்த போட்டிவரை திட்டு சொந்தம். ஏழு பேரைக் களத்தில் நிறுத்த முடியாத காடோ, திட்டை அடியோடு மறந்துவிட வேண்டியதுதான்.

போட்டிக்கு நடுவர் நாரை. அதற்கு எந்தக் கரையிலும் உறவினர் இல்லை. அதன் உறவெல்லாம் மீன்களோடுதான்.

இந்தக் காட்டின் ஆட்டக்காரர்களில் கீரி பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்பாது. தினமும் அந்த மணலில் ஆடினால்தான் அதற்குச் சாப்பாடு இறங்கும். காட்டில் மற்ற இடமெல்லாம் கல்லும் கட்டாந்தரையும். திட்டு கைவிட்டுப் போனால் எங்கே போய் ஆடுவது என்று அது கனவில்கூடப் பயந்தது.

பயப்படக் காரணமும் இருந்தது. கவனிப்பார் இல்லாமல் திட்டில் இருந்த களத்தில் நெருஞ்சி முள் மண்டிக் கிடந்தது. பயிற்சி என்ற பேச்சே இல்லை. ஆனால் விழாவுக்கு மட்டும் குறைவில்லை. கழக ஆண்டு விழா, தலைவர் பிறந்தநாள் விழா, தலைவர் வால் வளர்ந்த விழா என்று மேடை காலியாகவே இருக்காது.

முதலில் மான்தான் பொறுமை இழந்தது. நேரே மேடைக்கு முன்னால் போய் நின்றது.

"தலைவரே, களமெல்லாம் முள். என் கால்களைப் பாருங்கள்."

ஓணான் தலையாட்டியது. "நியாயமான பேச்சு. இவ்வளவு அக்கறை உள்ள நீங்கள் கீழே நிற்கலாமா? இன்றுமுதல் நீங்கள் துணைத் தலைவர். மேலே வந்து உட்காருங்கள்."

மரக்கட்டை நாற்காலி ஒன்று வந்தது. மானின் கழுத்தில் பூங்கொடி மாலை விழுந்தது. மேடையிலிருந்து பார்த்தபோது மானுக்குக் களத்தில் இருந்த முள் தெரியவில்லை.

அடுத்து, ஆடிக் களைத்தால் குடிக்கத் தண்ணீர்கூட வைப்பதில்லை என்று முயல் கோபமாகப் போனது. திரும்பி வரவில்லை, செயலாளராகிவிட்டது. பயிற்சி எப்போது என்று கேட்ட குரங்கு இணைச் செயலாளர் ஆனது. காட்டுப்பன்றி எதைக் கேட்க வந்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே அதற்கும் ஒரு நாற்காலி வந்துவிட்டது. தன்னைப் பிடிக்க எதிரணி வர மறுக்கிறது என்று முள்ளம்பன்றி குறைப்பட்டது. அதற்குப் பாவம் ஓணான் என்ன செய்யும்? ஆலோசகர் பதவி கொடுத்தது.

கடைசியாக உடும்பு போனது. "இந்தக் கழகத்தில் நாற்காலி போடுவதைத் தவிர வேறு வேலையே நடப்பதில்லை" என்று அது ஓங்கிச் சொன்னது. இதுவரை வந்தவற்றிலேயே பெரிய குறை இதுதான் என்று ஓணான் பலமாகத் தலையாட்டி, உடும்பைக் காப்பாளர் ஆக்கி, எல்லாவற்றிலும் பெரிய நாற்காலியைப் போட்டது. உடும்பு அதை நான்கு கால்களாலும் பற்றிக்கொண்டது.

போட்டி நாள் வந்தது. செந்நாய்கள் ஏழும் நீந்தி வந்து திட்டில் ஏறிக் களத்தில் நின்றன. இந்தப் பக்கம் கீரி மட்டும் நின்றது. திட்டின் ஓரத்தில் நாவல் மரத்தடி மேடையில் மற்ற எல்லாரும் மாலையோடு வீற்றிருந்தார்கள்.

"உங்கள் அணி எங்கே?" என்று நாரை கேட்டது. மரத்தின் நிழல் கோட்டைத் தொடும்வரை பொறுப்பதாகவும், அதற்குள் ஏழு பேர் வராவிட்டால் திட்டு இனி என்றைக்கும் செந்நாய்களுக்கே என்றும் சொல்லிவிட்டது.

கீரி மேடைக்கு ஓடியது. "உடும்பு அண்ணா, இறங்கி வாருங்கள். திட்டு போய்விடும்."

"காப்பாளர் மண்ணில் புரண்டால் கழகத்துக்கு என்ன மரியாதை?" என்றது உடும்பு.

மான் மட்டும் எழுந்திருக்கப் பார்த்தது. பக்கத்தில் இருந்த குரங்கு அந்த நாற்காலியைத் துடைப்பதைக் கண்டதும் அவசரமாக உட்கார்ந்துவிட்டது.

இவர்களைக் கெஞ்சி இறக்க முடியாது என்று கீரிக்குப் புரிந்தது. நிழலைப் பார்த்தது. பிறகு ஓணானுக்கு எதிரே போய் நின்றது.

"தலைவரே, எனக்கும் ஒரு குறை."

ஓணானுக்கு ஒரே மகிழ்ச்சி. இன்னொரு நாற்காலி எங்கே என்று தேடத் தொடங்கியது.

"நாற்காலி வேண்டாம். மேடைதான் தூரத்தில் இருக்கிறது. யார் துணைத் தலைவர், யார் செயலாளர் என்று அக்கரைக் கூட்டத்துக்குத் தெரியவே இல்லை. நாற்காலிகளைக் களத்தின் நடுவில் போட்டால் இரண்டு காடும் பார்க்குமே."

கீரி பேசி முடிப்பதற்குள் ஓணான் தலையாட்டிவிட்டது. நிர்வாகிகள் எல்லாரும் கிளம்பினார்கள். தன் நாற்காலியை இன்னொருவர் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வராததால் அவரவரே சுமந்து போனார்கள். ஓணான் மட்டும் கோட்டைக் கண்டு பயந்து, தலைவருக்கு நிழல் முக்கியம் என்று சொல்லி மரத்தடியிலேயே தங்கிவிட்டது.

கோட்டுக்குள் இருந்தவர்களை நாரை அலகை நீட்டி எண்ணியது. "ஏழு பேர். ஆட்டம் தொடங்கலாம்."

"சடுகுடு சடுகுடு" என்று ஒரு செந்நாய் பாடி வந்தது. யாரோ மாலை போட வருகிறார்கள் என்று முயல் கழுத்தை நீட்டியது. குரங்கு கைகுலுக்கக் கை நீட்டியது. காட்டுப்பன்றி தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றையும் தொட்டுவிட்டுச் செந்நாய் சிரித்துக்கொண்டே திரும்பியது. தொடப்பட்ட மூவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

பிறகு கீரி பாடிப் போய் ஒரு செந்நாயைத் தொட்டு வந்தது. உடனே செந்நாய்த் தலைவன் பாய்ந்து வந்து உடும்பின் வாலைத் தொட்டான். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. மூளை மறந்ததை உடும்பின் உடம்பு மறக்கவில்லை. நான்கு கால்களும் நாற்காலியை விட்டுவிட்டுச் செந்நாயின் காலை இறுகப் பற்றிக்கொண்டன. உடும்புப் பிடி என்றால் சும்மாவா? செந்நாய்த் தலைவன் இழுத்துப் பார்த்தான், உதறிப் பார்த்தான், பிடித்த மூச்சு அறுந்து விழுந்தான்.

இரண்டு கரையும் ஆரவாரித்தன. அதைக் கேட்ட மானுக்குக் கால்கள் துடித்தன. மாலையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தது, குதித்த இடத்தில் முள்.

"இந்த முள் இன்னுமா இருக்கிறது?" என்றது மான், காலைத் தூக்கிக்கொண்டு.

"நீங்கள் கேட்பதை நிறுத்தினீர்கள் அக்கா. அது வளர்வதை நிறுத்தவில்லை" என்றது கீரி.

அதன்பிறகு நால்வரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஆனாலும் பயிற்சி இல்லாத உடம்பு எவ்வளவுதான் தாங்கும்? முடிவில் செந்நாய்கள் ஒரே ஒரு புள்ளியில் வென்றன. உட்கார்ந்த இடத்திலேயே மூன்று புள்ளிகளைக் கொடுத்தோமே என்று முயல் தேம்பியது. ஏழு பேர் ஆடியதால் திட்டு ஓராண்டுக்குத்தான் போனது. அடுத்த போட்டிக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு நாரை பறந்தது. ஆனால் ஓராண்டு என்பது கீரிக்குச் சின்ன விஷயமா? எல்லார் முன்னாலும் அது அழுதது.

அன்று மாலை கழகக் கூட்டம் கல் மேட்டில் கூடியது. "நம் கழகம் மிகச் சிறப்பாகத் தோற்றது. நாற்காலிகள் போட்டிருந்த ஒழுங்கை அக்கரையே வியந்தது" என்று ஓணான் பேசியது. பிறகு, யாருக்காவது குறை உண்டா என்று வழக்கம்போல் கேட்டது.

ஏழு ஆட்டக்காரர்களும் ஒன்றாக எழுந்து வந்து நின்றார்கள். களத்தில் முள் ஏன், பயிற்சி ஏன் நடக்கவில்லை என்று உடும்பு கேட்டது.

ஓணான் தலையாட்டியது. "நியாயமான பேச்சு. ஏழு பேருக்கும் இன்னும் பெரிய நாற்காலி..."

"நாற்காலி வேண்டாம் தலைவரே. பதில் சொல்லுங்கள். அதுவரை நிற்கிறோம்."

ஓணான் மறுபடி தலையாட்டியது. யாரும் நகரவில்லை. இன்னும் வேகமாக ஆட்டியது. யாரும் நகரவில்லை. கழுத்து வலித்தபோது தலை தானாக நின்றது.

"எனக்குச் சடுகுடு தெரியாது" என்று அது மெல்லச் சொன்னது.

கழகம் தொடங்கிய நாளிலிருந்து உறுப்பினர்களுக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான். அழுது சிவந்த கண்களோடு கீரி முன்னால் வந்தது.

"சரி தலைவரே. அடுத்த கேள்விக்குப் போவோம்" என்றது.

நீதி: பதவி கிடைக்கும்வரை கேட்டால் போதாது, குறை தீரும்வரை கேட்க வேண்டும்.