காலிக் கட்டையும் மெழுகு உருண்டையும்

ஒரு பெரிய ஏரி. அதன் வடகரையில் பனி கொட்டும் காடு. தென்கரையில் வெயில் காயும் காடு. வடகரையில் கரடிகள் வாழ்ந்தன. தென்கரையில் தேன்காட்டிக் குருவிகள் வாழ்ந்தன.

தேன்காட்டி என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பறவை. எந்த மரத்தில், எந்தப் பொந்தில் தேன்கூடு இருக்கிறது என்பது அதற்கு அத்துப்படி. ஆனால் கூட்டை உடைக்க அதனால் ஆகாது. தேனீக்கள் சூழ்ந்துகொண்டால் உயிர் போய்விடும். கரடிக்கோ தடித்த தோல். எத்தனை கொட்டினாலும் சொறிந்துகொண்டு போய்விடும். ஆனால் கூட்டைத் தேடிக் கண்டுபிடிக்கத் துப்பு கிடையாது. கரடிக்கு வேண்டியது தேன். குருவிக்கு வேண்டியது மெழுகு. இதைவிடப் பொருத்தமான கூட்டு எங்கே கிடைக்கும்? அப்படி நினைத்துத்தான் ஆரம்பித்தார்கள். நடந்தது வேறு.

ஒவ்வொரு கோடையிலும் வடமலையார் என்ற பெரிய கரடி தெப்பம் கட்டிக்கொண்டு தென்கரைக்கு வருவார். "பிள்ளைகளா, கிளம்புங்க" என்பார். குருவிகள் கூவிக்கொண்டே கிளைக்குக் கிளை தாவி வழிகாட்டும். அவர் கூட்டை உடைப்பார். தேன், மெழுகு, தேனீப் புழு இருக்கும் அடை, எல்லாவற்றையும் அப்படியே வழித்துத் தெப்பத்தில் ஏற்றிவிடுவார்.

"இங்கே பிரிச்சா சிந்தும், சிதறும். பங்கு போட உங்களுக்குத் தெரியாது. நான் கொண்டுபோய் ஒழுங்கா பிரிச்சுத் தர்றேன்" என்பார்.

ஒரு மாதம் கழித்து ஒரு மெழுகு உருண்டை வரும். எலுமிச்சம்பழ அளவு. அதைத் தேக்கிலையில் வைத்து, "வடகரையின் அன்பளிப்பு" என்று நீட்டுவார். குருவிகள் வரிசையாக உட்கார்ந்து நன்றிப் பாட்டுப் பாடும். தன் வீட்டுச் சாமானைத் தானே இரவல் வாங்கிக் கும்பிடு போட்ட கூட்டம் உலகத்தில் அது ஒன்றுதான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வடமலையாருக்குத் தாராள மனசு வேறு!

நறவி என்ற குருவியும் அந்தப் பாட்டைப் பாடியவள்தான். அவள் குரல்தான் முதலில் கேட்கும். இப்போது அதை நினைத்தால் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

காரணம் உண்டு. போன கோடையில் உருண்டை வரத் தாமதமாயிற்று. ஆறு குருவிகள் பட்டினியில் செத்தன. இந்தக் கோடையில் நறவியின் தங்கை மருதி படுத்துவிட்டாள். ஆனைப்புளிய மரத்துப் பொந்தில் கிடக்கிறாள். பறக்கத் தெம்பில்லை. கொஞ்சம் மெழுகு உள்ளே போனால் எழுந்துவிடுவாள். ஒரு மாதம் பொறுக்கச் சொன்னால் இருக்கமாட்டாள். நறவிக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

அந்த வருஷம் வடமலையார் வந்தபோது முகத்தில் பழைய களை இல்லை.

"பிள்ளைகளா, உலகம் மாறிப்போச்சு. எங்க பக்கம் பூக்கிற காலத்துல பூக்கிறதில்லை. தேன்கூடுங்க அழிஞ்சுபோச்சு. இனிமே உங்களைத்தான் நம்பி இருக்கோம். அதனால நம்ம கூட்டு ஏற்பாட்டைப் புதுசா மாத்தி அமைக்கலாம்னு ஒன்பது நாள் மாநாடு நடத்தினோம்."

நறவிக்கு உள்ளம் குளிர்ந்தது. நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தாள். ஆனாலும் கேட்டாள்: "எங்கே நடத்தினீங்க?"

"எங்க கரையிலதான். பனி மாசத்துல."

"பனியில நாங்க ஏரி தாண்டி வர முடியாதே. எங்க பக்கம் யாருங்க உட்கார்ந்தது?"

வடமலையார் பெருமையாகச் சொன்னார்: "உங்களை மறப்போமா? உங்களுக்குன்னு ஒரு மரக்கட்டையைக் காலியா போட்டு வச்சிருந்தோம். ஒன்பது நாளும் யாரையும் அதுல உட்கார விடலை."



"என்னங்க முடிவாச்சு?" என்று பின்னாலிருந்து கேட்டார் செம்பன். கூட்டத்தில் மூத்த குருவி அவர்.

"பெரிய முடிவு! இனி அந்த உருண்டைக்கு அன்பளிப்புன்னு பேர் கிடையாது. பங்குன்னு சொல்லப்போறோம். ஒரு இலைக்குப் பதிலா ரெண்டு இலையில வச்சுத் தருவோம்."

"உருண்டை?" என்றாள் நறவி.

"உருண்டை அதே உருண்டைதான்."

சொல்லிவிட்டு வடமலையார் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. கிழக்கேயிருந்து ஒரு புலி இங்கே சுத்துதாமே. அதுகிட்ட ஏமாந்துடாதீங்க பிள்ளைகளா. உங்களைச் சுரண்டத்தான் வந்திருக்கு. நினைச்சா எனக்குத் தூக்கமே வரலை."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நறவிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நாங்க பிள்ளைங்க இல்லை. உங்க தாத்தா காலத்துலயிருந்து இந்தக் காட்டுல வழிகாட்டுறவங்க. இந்த வருஷம் நான் கூவப் போறதில்லை" என்றாள்.

"கூவாட்டிப் போ. எனக்குக் கண் இல்லையா?" என்று வடமலையார் தானே காட்டுக்குள் போனார்.

அன்று சாயங்காலம் கூட்டத்தில் சண்டை. செம்பன் கத்தினார்: "பட்டினி கிடந்து ரோஷம் காப்பாத்துறியா? கிடைக்கிற உருண்டையும் போச்சு. உன் தங்கச்சி செத்தா யார் பொறுப்பு?"

அந்தக் கேள்வியைத்தான் அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விடிந்ததும் நேரே புலியிடம் பறந்து போனாள். புலிக்கு எதற்குத் தேன் என்று கேட்காதீர்கள். அதன் ஊரில் யாருக்கோ வேண்டுமாம்.

"இப்பவே உடைச்சுத் தர்றேன். மாநாடு, உபதேசம் ஒண்ணும் கிடையாது. மெழுகு முழுக்க உனக்கே" என்றது புலி.

நறவிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் புலியின் பின்னால் ஒரு பள்ளம் தெரிந்தது. நேற்றுவரை அங்கே ஒரு மருத மரம் நின்றது.

"அந்த மரம் எங்கே?"

"அதை நான் எடுத்துக்கிட்டேன். மெழுகு உனக்கு, தேனும் மரமும் எனக்கு. இதுதான் பேச்சு."

மரம் போனால் அடுத்த வருஷம் தேனீ எங்கே கூடு கட்டும்? நறவிக்குப் புரிந்தது. மெழுகுக்காக மரத்தைக் கொடுத்தால் இந்தக் கோடையில் மருதி பிழைப்பாள். அடுத்த கோடையில் ஒருவரும் பிழைக்கமாட்டார்கள்.

"மரம் நிக்கணும். கூட்டை மரத்தடியிலேயே உடைச்சு, அங்கேயே பிரிக்கணும். சம்மதமா?" என்று கேட்டாள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றது புலி.

நறவி வெறும் வாயோடு திரும்பினாள். மருதி கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிட்டால் மட்டும் இறகு லேசாக அசைந்தது. நறவி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வடமலையார் அந்த ஆனைப்புளிய மரத்தடிக்கு வந்தார். ஒரு தேன்கூடுகூட அகப்படவில்லை. தேன்கூடு என்று நினைத்துக் குளவிக்கூட்டுக்குள் மூக்கை விட்டிருக்கிறார். மூக்கு பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. தொப்பென்று தரையில் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுல குட்டிங்க தேனுக்கு ஏங்கிக் கிடக்குதுங்க. வெறுங்கையோட போக முடியாது. சரி நறவி, உனக்கு என்னதான் வேணும்?"

அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். என்ன வேண்டும் என்று கேட்டதும் அன்றுதான். நறவி கிளையிலிருந்து இறங்கி அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க இல்லாட்டிக் கூடு உடையாது. என் தங்கச்சி செத்துடுவா. அதை நான் மறுக்கலை. நாங்க இல்லாட்டி உங்க குட்டிங்களுக்குத் தேன் இல்லை. இந்த ரெண்டாவதை மட்டும் நீங்க ஒரு நாளும் சொன்னதில்லை."

வடமலையார் மூக்கைத் தடவிக்கொண்டார். "சொல்லலைதான்."

"உடைக்கிறதும் பிரிக்கிறதும் இங்கேயே, எங்க கண்ணு முன்னாடி நடக்கணும். புழு அடையைத் தொடக்கூடாது. அதை விட்டுவச்சாத்தான் தேனீ ஓடிப்போகாது. மரம் நிக்கணும். இனிமே எது பேசினாலும் நாங்களும் வந்து உட்கார முடிகிற மாசமா பார்த்துப் பேசணும்."

"புலிகிட்டயும் இப்படித்தான் பேசினியா?"

"இதே பேச்சுதான். ஒரு எழுத்து மாத்தலை. அது இன்னும் யோசிச்சிட்டிருக்கு."

"பிரிக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்று பழைய வழக்கத்தில் கேட்டுவிட்டார் வடமலையார்.

"எங்க மெழுகு எதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார் செம்பன். சண்டை போட்டவரே இப்போது நறவி பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

வடமலையார் எழுந்தார். "சரி. வழிகாட்டு."

நறவி கூவினாள். நாலு மரம் தாண்டி ஒரு பெரிய கூடு இருந்தது. வடமலையார் ஏறி உடைத்தார். புழு அடையை விட்டுவிட்டார். கை அதன் பக்கம் போகத்தான் போனது. பிறகு தானாகவே திரும்பியது. கீழே இலை விரித்து, தேனைப் பிழிந்து சுரைக்குடுக்கையில் ஊற்றினார். மெழுகைக் குருவிகள் பக்கம் தள்ளினார்.

நறவி நன்றி சொல்ல நிற்கவில்லை. ஒரு வாய் மெழுகைக் கவ்விக்கொண்டு பறந்தாள். மருதியின் அலகைத் திறந்து ஊட்டினாள். மூன்று முறை போய் வந்தாள். பொழுது சாய்வதற்குள் மருதி பொந்தின் வாசலுக்கு நகர்ந்து வந்து, "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். நறவி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அவள் திரும்பி வந்தபோது வடமலையார் தெப்பத்தில் ஏறியிருந்தார். தன் பங்கைத் தூக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன நறவி, கனமே இல்லையே. போன வருஷம் தெப்பம் கொள்ளாம இருந்தது."

"போன வருஷம் எங்க பங்கும் அதுல இருந்ததுங்க" என்றாள் நறவி.

வடமலையார் துடுப்பை எடுத்தார்.

சேர்ந்து உழைத்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பிரித்துக்கொண்டால்தான் அது கூட்டு. ஒருவர் பங்கை மற்றவர் எடுத்துக்கொண்டு தானமாகத் திருப்பிக் கொடுப்பதற்கு எத்தனை புதுப் பெயர் வைத்தாலும் அது கூட்டாகாது.