குப்பைத்தொட்டியில் கிடந்த ஃபில்டர்

ரிட்டயர்டு சீஃப் இன்ஜினியர் சபேசனுக்கு ஊரிலுள்ள மெக்கானிக் அத்தனை பேரும் முட்டாள்கள். ஆகவே தன் டீசல் காருக்குத் தானே ஆயில் மாற்றி, புது ஆயில் ஃபில்டரையும் தானே முறுக்கி மாட்டினார். மறுநாள் காலை வண்டியை ஸ்டார்ட் செய்ததும் போர்டிகோ முழுக்கக் கறுப்பு ஆயில்.

"உன் புருஷன்தான் எதையோ நோண்டியிருக்கான்," என்று சமையல்கார எஸ்தரிடம் பாய்ந்தார். அவள் புருஷன், டிரைவர் தாசன், தலைகுனிந்து நின்றான். சபேசன் விடவில்லை. "ரெண்டு பேரும் வண்டிகிட்ட வராம, எங்கே ஒழுகுதுன்னு சொல்லுங்க பார்ப்போம். இல்லேன்னா அவன் இன்னிக்கே கிளம்பலாம்."

எஸ்தர் வண்டிப் பக்கமே போகவில்லை. குப்பைத்தொட்டியைக் கிளறி, ஐயா கழற்றிப் போட்ட பழைய ஃபில்டரை எடுத்து வந்தாள்.

"இதோட வாயில இருந்த ரப்பர் வளையம் எங்கேய்யா?"

சபேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டிருக்கும்."

"அதுக்கு மேலதான் புது ஃபில்டரோட வளையமும் உட்கார்ந்திருக்கு. குக்கர் மூடிக்கு ரெண்டு ரப்பர் போட்டா சாம்பார் அடுப்பெல்லாம் வழியும்யா. அதுக்கு டிரைவரையா நிறுத்துவாங்க?"

சபேசன் காருக்கடியில் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் பழைய வளையத்தோடு ஒரு கறுத்த கை வெளியே நீண்டது.

"தாசா, அந்தத் துணியைக் கொண்டாப்பா."

தாசன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"இப்ப வண்டிகிட்ட வரலாமாய்யா?"